கை மறைத்த சிரிப்பு

என் மாரிக்காவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். இந்த ஒரு வருஷமாக நம் வீட்டுச் சுவரில் வேறு யாரோ ஒருத்தி தொங்கிக்கொண்டிருக்கிறாள். அம்மா தினமும் அவளுக்குப் பூ வைக்கிறாள்.

உனக்கென்று தனியாக ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை நீ. பட்டாசுக் கம்பெனியில் ஆயுத பூஜையன்று எல்லோரும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுதான். அதிலும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். வெடி விபத்துக்கு மறுநாள் மாமா அதைத்தான் ஃபிளெக்ஸ் கடைக்குக் கொண்டு போனார். கடைக்காரர் உன் கையை எடுத்துவிட்டு, எங்கிருந்தோ மூடின உதடுகளைக் கொண்டுவந்து ஒட்டினார். முகத்தை வெளுப்பாக்கினார். பட்டுச்சேலையும் இரட்டை வடச் சங்கிலியும் போட்டுவிட்டார். நம் தெருவில் செத்துப்போகிற பெண்கள் எல்லோருக்கும் அதே சேலை, அதே சங்கிலிதான். அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு நம் சுவரிலும் மாட்டினார்கள்.

நீ சேர்த்துவிட்ட கம்ப்யூட்டர் டிசைன் வகுப்பை நான் விடவில்லை. பட்டாசுப் பெட்டி லேபிள் செய்தாயிற்று, கல்யாணப் பத்திரிகை செய்தாயிற்று. இந்த மாத ப்ராஜெக்ட், பழைய படம் ஒன்றைச் சீராக்குவது. உன் கூட வேலை பார்த்த செல்வியக்கா போனிலிருந்து அந்த ஆயுத பூஜைப் படத்தை வாங்கி வந்தேன்.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். திரையில் வெறும் கட்டங்கள் மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி, சாம்பல் நிறக் கறைகளை ஒவ்வொன்றாக அழித்தேன். "சுத்தம்னா இதுதாம்மா சுத்தம்" என்றார் சார். பெருமையோடு முழுப் படத்தையும் பார்த்தேன். வாயைப் பொத்தியிருந்த விரல்கள் உன்னுடையவை இல்லை.

நான் அழித்தது கறை இல்லையே அக்கா. பட்டாசு மருந்துப் பொடி ஏறிய வெள்ளி நிறம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முந்தின நாள் தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் போட்டுத் தேய்ப்பாயே, அப்படியும் போகாத நிறம். அந்தக் கடைக்காரரைத் திட்டிய நானே அதை இரண்டு நாளில் போக்கிவிட்டேன்.

செய்ததை ஒவ்வொன்றாகத் திருப்பலாம்தான். ஆனால் கணினி பின்னோக்கிப் போவதற்கும் ஓர் அளவு இருக்கிறது. அதனால் மூலப்படத்தைத் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். விரல்களைத் தொடவில்லை.

"நல்லா இருந்ததை ஏம்மா கெடுத்த? கை அழுக்கா இருக்கு. மார்க்கைக் குறைப்பேன்."

"குறைங்க சார். அது அழுக்கு இல்ல, மருந்து. எங்க வீட்டுல சோறு போட்ட கை."

குறைத்தார். குறைந்தபடியே இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய சண்டை வீட்டில். ஞாயிற்றுக்கிழமை நினைவு நாள் ஃபிளெக்ஸுக்கு இந்தப் படம்தான் என்றேன். மாமா குதித்தார்.

"ஏத்தா, செத்தவ பல்லக் காட்டிச் சிரிச்சா ஊரு என்ன சொல்லும்?"

"பல்லு எங்கன தெரியுது மாமா? அதான் கைய வச்சு மூடியிருக்கால்ல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷத்தில் முதல் தடவை. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்படியே உன்னைப் போல. மாமா அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அந்தக் கையவாச்சும் கொஞ்சம் வெளுப்பாக்கு. பெரிய மனுசங்கள்லாம் வருவாக."

"வரட்டும் மாமா. நல்லா பாத்துட்டுப் போகட்டும்."

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ கையால் சிரிப்பை மறைத்தாயா, சிரித்துக்கொண்டே கையை மறக்கப் பார்த்தாயா? கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வெம்பக்கோட்டை ரோட்டு முக்கில் நிற்பாய். உன்னைத் தினமும் ஏற்றிக்கொண்டு போன கம்பெனி வேன் திரும்புமே, அதே இடத்தில். ஆளை விடப் பெரிதாக, உன் கறுப்பு முகத்தோடு, அந்த வெள்ளி விரல்களோடு. லோடு ஏற்றிப் போகிறவர்களும் பார்க்கட்டும், கம்பெனிக்காரர்களும் பார்க்கட்டும். சுவரில் இருக்கிறவளை அன்றைக்கே இறக்கிவிடுவேன்.

யாராவது உன்னைக் கழற்றினால் மறுநாளே இன்னொன்று அடித்துக் கட்டுவேன். இது சத்தியம். ஃபைல் என்னிடம் இருக்கிறது.

உன் கையால் சோறு தின்று வளர்ந்த
தங்கச்சி