எல்லாருக்கும் ஒரே மாமி

கல்முனை
14.03.1981

அன்பு மகன் அருள்ராசாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன், சாம்பியாவில் நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, அதை எழுதி முத்திரையை வீணாக்க விருப்பமில்லை. நாவிதன்வெளி வயலில் வெட்டு முடிந்து குத்தகைக்காரர் முகைதீன்பாவா ஒரு குறையும் வைக்காமல் நெல்லை இறக்கிவிட்டுப் போனார். அவரிடம் இருக்கும் நேர்மை நம்முடைய வேதக் கூட்டத்தில் இல்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் சங்கதி, எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது.

சீஷர் பயிற்சி என்று போதகர் ஐயா தொடங்கினதும் என்னைக் குழுத் தலைவியாக வைத்ததும் உனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் வீட்டில் தனியே பாடத்தைப் படித்துத் தன் விடையைத் தானே எழுத வேண்டும், சனிக்கிழமை பின்னேரம் நம்முடைய வீட்டில் கூடி அதை வாசித்துக் கதைக்க வேண்டும். என் குழுவில் மூன்று பேர். கந்தோரில் கிளாக்கர் வேலை பார்க்கும் நல்லரெத்தினம், சம்மாந்துறை நெல் ஆலையில் நிற்கும் இளையதம்பி, கடற்கரையில் மீன் விற்கும் குஞ்சம்மா. சூறாவளியில் குஞ்சம்மாவின் மாமியார் சின்னத்தங்கத்தின் வீடு போய்விட்டது, அன்றிலிருந்து அந்த மனுசி மருமகளின் சீதன வீட்டில்தான் இருக்கிறாள். நம் பக்கத்தில் மகனைப் பெற்றவள் மருமகள் வீட்டில் போய் இருப்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் சைவக்காரி, ஆனாலும் மருமகளைத் தனியே அனுப்பாமல் கூடவே வந்து வாசற்படியில் இருப்பாள்.

போன கிழமைப் பாடத்தில், நீ யாரோடு ஒப்புரவாக வேண்டும், எழுது என்று ஒரு கேள்வி. முதலில் நல்லரெத்தினம் எழும்பி, தொண்டையைச் செருமி, என் மாமியாரை என் வீட்டில் வைத்துக்கொண்டே மூன்று மாதமாக மாமி என்று கூப்பிடவில்லை என்று வாசித்தான். அவனுடைய மாமியாரைச் சூறாவளிக்கு முந்தின வருஷமே அடக்கம்பண்ணியாயிற்று, நானும் போய் மண் போட்டேன். அடுத்தது இளையதம்பி, அதே வசனம், ஒரு எழுத்து மாறவில்லை. அவன் இன்னும் கலியாணமே முடிக்கவில்லை! குஞ்சம்மா புத்தகத்தை மடியில் மூடிக்கொண்டு தலை குனிந்தாள், அந்த வசனம் அவள் எழுதினது. காலையில் பிழை பார்த்துத் தருகிறேன் என்று நல்லரெத்தினம் அதை வாங்கிக்கொண்டு போனானாம், மற்றவன் அவனைப் பார்த்து எழுதினானாம்.

சின்னத்தங்கம் படியிலிருந்து எழும்பி, "இளையதம்பிக்கு ஏதுடா மாமி? அது நான்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அன்றைக்கே துணிமூட்டையோடு பாண்டிருப்பில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் நல்லரெத்தினத்தை நிற்கவைத்துக் கேட்டேன். அவன் வெட்கப்படாமல், "என்ன டீச்சர், படிவத்தில கோடு வெறுமையாக் கிடந்தா பூரணமில்ல எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்களே" என்கிறான். கர்த்தர் என்ன, இவனுடைய பெரிய கிளாக்கரா? பக்கத்து வீட்டுச் சுல்பிகா வேலிக்கு மேலால், "டீச்சர், உங்கட கூட்டத்துல எல்லாருக்கும் ஒரே மாமியாமே" என்று சிரித்தாள்.

நீ வீட்டில் தனியே படிக்கிறேன், கூட்டத்துக்குப் போக நேரமில்லை என்று எழுதியிருந்தாய். அது சரியில்லை மகன். தனியே படிக்கிறவன் தன்னைத்தானே நல்லவன் என்று நம்பிவிடுவான், கூட்டத்துக்கு மாத்திரம் போகிறவன் அடுத்தவன் வாயைப் பார்த்துக் கதைக்கப் பழகிவிடுவான். இரண்டையும் செய்.

குஞ்சம்மா இரண்டு தரம் பாண்டிருப்புக்குப் போய் அழுதும் மனுசி அசையவில்லை. வியாழக்கிழமை மூன்றாம் தரம் போனபோது, "ஊரான் வாயால கேட்டத்த நீ உன்ட வாயால சொல்லு புள்ள, மறுகா வாறன்" என்றாளாம். குஞ்சம்மா அந்த வீட்டார் எல்லாருக்கும் முன்னால் அதைச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் சந்தையில் ஒன்றாக மீன் விற்றதை நானே கண்டேன்.

குருத்தோலை ஞாயிறன்று கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், மூன்று பேருக்கும் பயிற்சி முடித்த பத்திரம் கொடுக்கவேண்டும், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று போதகர் ஐயா கேட்டார். பொறுத்துக்கொள்வது வேறு, பொய்க்குக் கையெழுத்து வைப்பது வேறு என்று சொல்லிக் குஞ்சம்மாவுக்கு மாத்திரம் போட்டேன். இளையதம்பி வந்து தலையைச் சொறிந்துகொண்டு, முதலாம் பாடத்திலிருந்து திரும்ப எழுதுகிறேன் என்றான். நல்லரெத்தினம் தெருவில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறான். யாரோடு ஒப்புரவாக வேண்டும் என்ற அந்தக் கேள்விக்கு எழுத அவனுக்கு இப்போதுதான் சொந்தமாக ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

பிள்ளைக்குத் தமிழ் எழுத்துப் பழக்கு, மறக்கவேண்டாம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

என்றும் உன் நன்மையை நாடும்
அம்மா