வாசற்படியில் வைத்த கரி

ஹார்ன்தார்ப், யார்க்ஷயர்
10 ஜூன் 1984

அன்புத் தங்கை பெரிலுக்கு,

கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சொல்ல நல்ல செய்தி இல்லை. வியாழக்கிழமை கிளிஃப் உங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்க வாசலுக்கு மறியலுக்குப் போனார். குதிரைப் போலீஸ் கூட்டத்துக்குள் புகுந்து தடியால் அடித்ததில் மண்டை பிளந்து, ரத்தச் சட்டையோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துப் போவார்கள் என்று அடுத்த வீட்டு எல்சிதான் சட்டை தைக்கிற நூலால் தைத்துவிட்டாள். அவள் புருஷன் சிட் இவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலியிலும் இவர் சொன்னது ஒன்றுதான்: "ஒன் தங்கச்சி புருஷன் எங்க நடுவுலயே காரை ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போறான் மேவிஸ். திரும்பிக்கூடப் பாக்கல."

சபைக் கூடத்தில் வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சமைக்கிறோம்; கணக்கு என் பொறுப்பு. கிழங்கு உரிக்கும்போது யாராவது வேலைக்குப் போகிறவர்களைக் "கருங்காலி" என்று திட்டினால் நான் குனிந்துகொள்கிறேன். நீயும் சுரங்கக்காரர் மகள்தானே? லென்னைத் தடுத்து நிறுத்தக் கூடாதா?

உன் அக்கா,
மேவிஸ்

*

எல்ம்பரோ, நாட்டிங்ஹாம்
19 ஜூன் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் தலை ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். லென்னுக்கு ஆறாது. அதே வியாழக்கிழமை, அதே வாசலில், ஒரு கல் கார்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு இடது கண்ணில் பாய்ந்தது. கண்ணை எடுத்துவிட்டார்கள். யார் எறிந்தது என்று கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

தடுக்கச் சொல்கிறாய். எங்கள் ஊரில் ஓட்டுப் போட்டு முடிவெடுத்துத்தான் வேலைக்குப் போகிறார்கள். உங்கள் வேலைநிறுத்தத்துக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன். குழந்தை ஜோஆனுக்கு என் முத்தம்.

பெரில்

*

ஹார்ன்தார்ப்
12 ஜனவரி 1985

பெரில்,

நவம்பரில் உனக்கு எழுதினேன்: கரி இல்லை, சுரங்கக் கழிவு மேட்டில் தோண்டி எடுக்கிற கல்லும் சேறும்தான் எரிக்கிறோம், ஜோஆன் நெஞ்சு சளியில் விசிலடிக்கிறது என்று. எழுதியிருக்கவே கூடாது.

திங்கட்கிழமை மத்தியானம் சமையலிலிருந்து வந்தால் முன்வாசற்படியில் இரண்டு மூட்டை கரி. கையளவு பெரிய கட்டிகள், கண்ணாடிபோல மினுமினுப்பு. "லென் சித்தப்பா வச்சிட்டுப் போனாரும்மா, ஒரு கண்ணைக் கட்டியிருந்தாரு" என்றாள் ஜோஆன். எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் அப்பம் கொண்டுவந்ததுபோல என்று முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு அடுப்பு மூட்டினேன். குழந்தை இருமாமல் தூங்கினாள்.

தெருவில் எல்லாக் கூரையிலும் மஞ்சள் புகை நெளிகிறது. எங்கள் கூரையில் மட்டும் சுத்தமான புகை நேராக மேலே போகிறது. அது ஊர் கண்ணில் படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலைக்குத் திரும்பியவன் வீட்டுக்குத்தான் கரி வரும் என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். முதல் செங்கல் ஜோஆன் படுத்திருந்த அறைக்குள் விழுந்தது. கதவைப் பெயர்த்தார்கள். முன்னால் நின்றது சிட்.

"எந்த ஷிஃப்டு கிளிஃப்? காலையிலயா, மத்தியானமா?"

"என்னடா உளர்ற? நான் இப்பத்தான் மறியல்லேர்ந்து வரேன்."

"அப்ப கரி வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

நான் குறுக்கே விழுந்து, என் தங்கை அனுப்பியது என்று கத்தினேன். இவர் மண்டையைத் தைத்த அதே எல்சி சிரித்தாள்: "அப்ப நாட்டிங்ஹாம் கருங்காலி கரி. அது மட்டும் இனிக்குதாக்கும்!"

இவரைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்கள். விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். இரண்டு பேர் இவர் வலது கையைப் படிக்கல்லில் வைத்து அழுத்த, சிட் மண்வெட்டிக் காம்பை ஓங்கி இறக்கினார். எலும்பு நொறுங்கிய சத்தம் உள்ளே இருந்த குழந்தைக்கும் கேட்டது. விரல்கள் இனி மடங்காது என்கிறார் டாக்டர்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நம் தெருக்களில் முன்கதவு கல்யாணத்துக்கும் சவப்பெட்டிக்கும்தான் திறக்கும். கொடுக்கல் வாங்கல் எல்லாம் கொல்லைப்பக்கம். கரிக்குழியும் அங்கேதான். பிறந்ததிலிருந்து சுரங்க ஊரிலேயே கிடக்கிற லென், ஏன் பட்டப்பகலில், முன்வாசலில் வைத்தார்?

மேவிஸ்

*

எல்ம்பரோ
20 ஜனவரி 1985

அக்கா,

உன் கடிதத்தை லென் முன்னால் வைத்து வாசித்தேன். விடிவதற்கு முன்னால் போய்க் கொல்லைக் கரிக்குழியில் போட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் நான் அனுப்பினேன். இது சத்தியம்.

"முன்வாசல்லயா வச்சீங்க?" என்றேன்.

"தெரு பாக்கட்டும்னுதான் வச்சேன்."

"அய்யோ, அங்க ஒரு கொழந்தை இருக்கே!"

"கல்லெறிஞ்சவன் மூஞ்சிய அன்னிக்கு ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் பெரில். கிளிஃப்தான். நாலு தட்டு தட்டுவாங்கன்னு நெனச்சேன். கைய ஒடைப்பாங்கன்னு நெனக்கல." பிறகு சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். அப்புறம் உட்கார்ந்து அழுதார். கண் போன அந்தக் குழியிலிருந்தும் நீர் வருகிறது அக்கா.

உன்னைப் பார்க்க வேண்டும். வரட்டுமா? வேண்டாம் என்றாலும் எழுது.

பெரில்

*

ஹார்ன்தார்ப்
6 மார்ச் 1985

பெரில்,

ஆறு வாரம் உனக்குப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் சாபம்தான் வந்தது. வேதத்தை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

உன் கடிதம் வந்த அன்று இவரிடம், "நீங்களா எறிஞ்சீங்க?" என்றேன். "லென்னுன்னு தெரிஞ்சுதான் எறிஞ்சேன்" என்றார். கல்லெறிந்துவிட்டு வந்த அன்றைய சட்டையின் ரத்தத்தை நான்தான் துவைத்தேன், பெரில்.

நேற்று எல்லோரும் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். சங்கக் கொடி முன்னால், பேண்டு பின்னால், ஜெயித்தவர்கள்போல நடந்தார்கள். இந்தக் கையோடு இவருக்கு இனி அங்கே வேலை இல்லை, ஆனாலும் போனார். சிட் கொடிக் கயிற்றை இவர் இடது கையில் கொடுத்தார். இவர் வாங்கிக்கொண்டார். எனக்கு இன்னும் அந்த மனம் வரவில்லை; எல்சி கொடுத்த பூவைச் சாக்கடையில் போட்டேன்.

கணக்கு எழுதிப் பழகிய புத்தி, இதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தது. கண்ணுக்குக் கண், கைக்குக் கை என்று வேதத்தில் இருக்கிறது. கண்ணுக்குக் கை என்று எங்கேயும் இல்லை. நேர் செய்ய முடியவில்லை. விட்டுவிட்டேன்.

வா. லென்னையும் கூட்டிக்கொண்டு வா. அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து தெருவெல்லாம் வெளியே நிற்கிற நேரத்துக்கு. கொல்லைப்பக்கம் வராதீர்கள். கரி வைத்த அதே படியில் ஏறி வாருங்கள். முன்கதவை நான் திறந்து வைக்கிறேன். எழுந்து போய்விட மாட்டேன் என்று மட்டும் இவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கை கொடுப்பாரா என்று லென் எதிர்பார்க்க வேண்டாம். கல்லை எறிந்த கைதான் உடைந்தது.

உன் அக்கா,
மேவிஸ்