மூன்றாம் பாகம்

செனாய்
12 ஜனவரி 2025

யோகேஸ்வரிக்கு,

இங்கு நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. வாட்சப்பில் புருஷனையே பிளாக் செய்தவளுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்? அறுபத்தேழு வயதில் கட்டிய மனைவிக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போட வைத்துவிட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கண்ணாடி அலமாரியில் ‘ஏழாம் பாய்மரம்’ முதல் பாகம் இருக்கிறது, இரண்டாம் பாகம் இருக்கிறது, மூன்றாம் பாகத்தைக் காணோம். நீ கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் அதுவும் கிளம்பியிருக்கிறது.

அது கடையில் கிடைக்கிற புத்தகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் தொடராக வந்ததை வாரா வாரம் கத்தரித்து, சேர்த்து, நான் பைண்டு பண்ணி வைத்தது. அந்தப் பேப்பரும் இன்று இல்லை, எழுதியவரும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆற அமரப் படிக்க வேண்டும் என்று ஒரு வரிகூடப் படிக்காமல் காப்பாற்றினேன். இப்போது இரண்டு பாகம் முடித்துவிட்டேன். மாலுமி செங்கோடன் கப்பல் ஏறிவிட்டான். மாதங்கி துறைமுகத்தில் நிற்கிறாள். அவன் திரும்பி வந்தானா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் புத்தகங்களைப் பழைய பேப்பர் லாரியில் போட்டதற்கா இவ்வளவு ஆங்காரம்? எல்லாம் மாத நாவல். பாதிக்கு அட்டை இல்லை, மீதிக்கு மூலை மூலையாக நீ மடித்த மடிப்பு. அலமாரிக்கு இடம் வேண்டியிருந்தது, லாரி வந்தது, போட்டேன். குப்பையைக் குப்பை என்றுதான் சொல்ல முடியும்.

உடனே அனுப்பி வை.

அய்யாவு


கெலாங் பாத்தா
20 ஜனவரி 2025

திரு. அய்யாவு அவர்களுக்கு,

வணக்கம். ஷர்மினிக்குப் பிள்ளை பிறந்து, பத்தியச் சாப்பாடு ஆக்கிப்போட நான் இங்கே வந்திருந்த ஒரே மாதம். அதற்குள் ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வருகிறவனைக் கூப்பிட்டு, என் இரண்டு அலமாரிப் புத்தகத்தையும் பழைய பேப்பரோடு பேப்பராக ஏற்றிவிட்டீர்கள். நான் வந்து பார்க்கிறேன், அந்த இடத்தில் கண்ணாடி அலமாரி. “எப்படி இருக்கு?” என்று சிரித்துக்கொண்டு கேட்டீர்களே, அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

ஒவ்வொரு நாவலின் அட்டைக்கு உள்ளேயும் எங்கே, எப்போது படித்தேன் என்று எழுதி வைப்பேன். ‘தம்போய் பேக்டரி பஸ் ஸ்கூடாயில் பழுது. ஷர்மினி வயிற்றில் ஏழு மாதம். நல்லவேளை, நாயகி சாகவில்லை.’ இருபத்தாறு வருஷம் ஷிப்டு வேலைக்குப் போனவள் தன் வாழ்க்கையை அங்கேதான் எழுதி வைத்தாள். நீங்கள் அதைக் கிறுக்கல் என்பீர்கள்.

முடிவை முதலில் படிப்பவள் வாசகியே இல்லை என்று என் அண்ணன் வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். ஆமாம், அப்படித்தான் படிப்பேன். யார் பிழைப்பார், யார் போய்ச் சேருவார் என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதியாகப் படிக்க வரும். கெட்டுப்போனது என்ன?

உங்கள் ‘ஏழாம் பாய்மர’த்தை நீங்கள் கத்தரிப்பதற்கு முன்னால் வாரா வாரம் படித்தவள் நான். முடிவு எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். “சொல்லித் தொலைச்சிராத” என்றீர்கள். உங்களுக்காக முப்பது வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இனி எதற்குக் கட்ட வேண்டும்?

இந்தாருங்கள், முதலாவது. உங்களுக்கு உயிரான அந்தக் கிழட்டு அமைச்சர் மூன்றாம் பாகம் நான்காம் அத்தியாயத்தில் விஷம் குடித்துச் சாகிறார். பாலில் கலந்து கொடுத்தது அவர் பெண்டாட்டி. காரணத்தை எழுத்தாளர் சரியாக விளக்கவில்லை. எனக்கு விளங்கியது.

யோகேஸ்வரி


செனாய்
27 ஜனவரி 2025

அடிப் பாவி!

இரண்டு பாகம் முழுக்க அந்த அமைச்சருக்காகத்தான் படித்தேன். சோற்றில் மண்ணைப் போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

கட்டிய புருஷனைப் பெயர் எழுதி, ‘திரு’ வேறு போட்டு விளிக்கிறாய். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

இனி உன் கடிதத்தை நான் நேராகப் பிரிக்கமாட்டேன். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவிடம் கொடுத்து, கதை சம்பந்தப்பட்ட வரிகளைக் கறுப்பு மையால் அடித்த பிறகுதான் படிப்பேன். உன் பாச்சா இனி பலிக்காது.

உன் கறிவேப்பிலைச் செடிக்கு நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். அதுவும் உன்னைப் போலவே வாடாமல் நிற்கிறது.

அய்யாவு


கெலாங் பாத்தா
5 பிப்ரவரி 2025

வெள்ளையம்மாக்கா,

நல்லா இருக்கீங்களா? முட்டி வலி பரவாயில்லையா? இத நீங்கதான் மொதல்ல படிப்பீங்கன்னு ஒங்க அண்ணன் எழுதியிருந்தாரு. அதனால ஒங்களுக்கே எழுதிடறேன் லா. அடுத்த வரிய மட்டும் கறுப்பு அடிச்சிராதீங்க, வாய்விட்டுப் படிச்சிக் காட்டுங்க: ஒம்பதாவது அத்தியாயத்துல கப்பல் ஒடையுது. யாரு முழுகுனாங்கன்னு அடுத்த கடுதாசியில சொல்றேன்.

இனி அவருக்கு.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ‘தப்பு பண்ணிட்டேன் யோகேஸ்.’ அவ்வளவுதான். புதுப் புத்தகம் வேண்டாம், அலமாரி வேண்டாம். அந்த வார்த்தை உங்கள் வாயில் வருகிறவரை ஒவ்வொரு கடிதத்திலும் ஓர் ஆள் சாவான். ஆள் தீர்ந்துபோனால் முடிவையே சொல்லிவிடுவேன்.

யோகேஸ்வரி


செனாய்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள யோகேசுக்கு,

வெள்ளையம்மா அந்த வரியை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தாள். படித்துவிட்டு, “அண்ணே, ஒங்களுக்கு அலமாரி பெருசா, அண்ணி பெருசா லா?” என்று கேட்டாள். போன் அடிக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

வீட்டில் சத்தமே இல்லை. காலையில் ரோத்தி வாங்கிவந்து பசியாறுகிறேன். மத்தியானம் கடைச் சோறு. நீ படித்துக்கொண்டே நடுவில் ‘ஐயோ, இவளைக் கட்டிக்கிட்டானே!’ என்று கத்துவாயே, அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

நடந்தது நடந்துவிட்டது. அதைப் பற்றி இனி பேசிப் பயன் இல்லை. மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு.

உன்
அய்யாவு


கெலாங் பாத்தா
20 பிப்ரவரி 2025

வணக்கம்.

‘மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா.’ எதை முதலில் எழுதினீர்கள் என்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கேட்டது இரண்டு. புத்தகத்தை இத்துடன் பார்சலில் அனுப்பிவிட்டேன். நான் வீட்டுக்கு வருவேனா மாட்டேனா என்ற பதிலை அதன் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

யோகேஸ்வரி


செனாய்
25 பிப்ரவரி 2025

அன்புள்ள யோகேசுக்கு,

மூன்றாம் பாகம் நேற்று வந்து சேர்ந்தது. ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. கடைசியில் யார் இறங்கி வந்தது பார்த்தாயா? வெள்ளையம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

உன் தந்திரமும் புரிந்தது. கடைசிப் பக்கத்தில் பதிலை ஒட்டினால் நான் அவசரப்பட்டுப் புரட்டுவேன், முடிவு கண்ணில் படும், கதை பாழாகும், நீ அங்கே உட்கார்ந்து சிரிக்கலாம். நடக்காது! பார்சலைப் பிரித்த கையோடு, கடைசிப் பக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டேன். இருபத்துநான்கு அத்தியாயம். பேப்பரில் வந்த மாதிரியே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. வரும் ஞாயிறு தொடங்குகிறேன். உன் பதிலுக்கும் அதன் முறை வரும்போது வருவேன்.

உனக்கும் அவசரம் இல்லை, எனக்கும் அவசரம் இல்லை.

உன்
அய்யாவு


செனாய்
22 ஜூன் 2025

அன்புள்ள யோகேசுக்கு,

நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆனாலும் ஒருத்தரையும் நீ சாகடிக்காமல் இருப்பதே கோபம் ஆறியதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று பதினேழாம் அத்தியாயம் முடித்தேன். மார்ச் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்குக் காப்பி போட்டுக்கொண்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தில் உட்கார்ந்தவன், இதுவரை ஒரு ஞாயிறு தவறவில்லை. அமைச்சர் செத்த இடத்தில் அவ்வளவு வருத்தம் வரவில்லை. முன்கூட்டியே தெரிந்ததால் இருக்கலாம். உன் படிப்பு முறையிலும் ஏதோ கொஞ்சம் இருக்கிறது போல. இதை யாரிடமும் சொல்லாதே.

தொடங்குவதற்கு முதல் நாள் ஷர்மினி போன் செய்தாள். “அப்பா, அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் இன்னிக்கே பாத்துருங்கப்பா. ப்ளீஸ்ப்பா” என்றாள். அவளும் உன் மகள்தானே, அவசரக்குடுக்கை. படிப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு என்று புத்தி சொல்லிவிட்டு வைத்தேன்.

கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உன்
அய்யாவு


செனாய்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள யோகேசுக்கு,

நாளை கடைசி அத்தியாயம். தப்பியவர்களை ஏற்றிய வேறொரு கப்பல் கரைக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கிறது. மாதங்கி இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறாள். அதில் செங்கோடன் இருக்கிறானா இல்லையா என்று நாளைக்குத் தெரிந்துவிடும். உன் பதிலும் தெரிந்துவிடும்.

கண்ணாடி அலமாரியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். உன் அலமாரிகள் இருந்த இடம் காலியாக இருக்கிறது. பெக்கான் நானாஸில் ஒருத்தர் பழைய மாத நாவல்கள் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறாராம். உன்னுடையது ஒன்றிரண்டு அதில் இருக்காதா என்று போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு அட்டையாகத் திறந்து பார்த்தேன், உன் கையெழுத்து எதிலும் இல்லை. மறுபடி போவேன்.

தப்பு பண்ணிட்டேன் யோகேஸ். எழுதிவிட்டேன், போதுமா?

நாளைக் காலை படித்து முடித்ததும் காரை எடுத்துக்கொண்டு நேரே அங்கே வருகிறேன். தயாராக இரு.

உன்
அய்யாவு


கெலாங் பாத்தா
20 பிப்ரவரி 2025

ஷர்மினி அப்பாவுக்கு,

இருபத்துநான்காம் அத்தியாயம் இருந்த இடத்தில் இந்தக் காகிதத்தை ஒட்டியிருக்கிறேன். அந்த அத்தியாயத்தை நீங்கள் வெட்டுவது போலவே ஓரம் பிசிறாமல் வெட்டியெடுத்துவிட்டேன்.

பார்சல் வந்த கையோடு இதைப் படிக்கிறீர்களா? அப்படியென்றால் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன். மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிறு, காலை பத்து மணிக்கு கெலாங் பாத்தா பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மாமாக் சாப்பாட்டுக் கடையில் என் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். வந்து கூப்பிடுங்கள், வருகிறேன். மன்னிப்புகூட வேண்டாம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் கடைசிப் பக்கத்தைத் திருப்பாத மனிதர் எனக்காக ஒருமுறை திருப்பினார் என்றால், அதற்குமேல் எனக்கு எந்த மன்னிப்பும் தேவையில்லை. வெட்டிய அத்தியாயம் என் கைப்பையில் இருக்கும். கார் செனாய் போய்ச் சேர்வதற்குள் நானே படித்துக் காட்டுகிறேன். ஷர்மினியிடமும் சொல்லியிருக்கிறேன்.

இல்லை, பேப்பரில் வந்த மாதிரியே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வரிசையாகப் படித்து இப்போதுதான் இங்கே வந்து சேர்ந்தீர்களா?

அப்படியென்றால் நான் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்து, குடிக்காத தே தாரிக் ஆறிப்போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். பதில் இங்கே இருக்கிறது என்று எழுதியே அனுப்பினேன். பெண்டாட்டி வேண்டும் என்கிற மனிதருக்கு ஒரு பக்கம் புரட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இனி கூப்பிட வராதீர்கள். கதவைத் திறக்கமாட்டேன்.

எங்கள் தாமான் தெருவுக்கும் செவ்வாய்க்கிழமைதோறும் பழைய பேப்பர் லாரி வருகிறது. அந்த அத்தியாயத்தை அதில்தான் போட்டிருப்பேன். கவலைப்படாதீர்கள், அலமாரியில் இடம் மிச்சம்.

செங்கோடன் திரும்பி வந்தானா இல்லையா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரர் வந்தாரா என்பதுதான் இப்போது நம் இரண்டு பேருக்குமே தெரியும்.

யோகேஸ்வரி