ஜெபமணி என்றொரு காக்டெயில்

அன்புத் தம்பி,

போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

துபாயில் உனக்குப் பரிசு வாங்கித் தந்த காக்டெயிலின் படத்தைப் பார்த்தோம். அதற்கு 'ஜெபமணி' என்று அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறாய். உள்ளே என்னவெல்லாம் சேர்த்திருக்கிறாய் என்று கேட்டாள். நன்னாரி, எலுமிச்சை, புதினா என்று வாசித்தேன். ஜின் சரக்கை மட்டும் விட்டுவிட்டேன். அவளைப் பொறுத்தவரை நீ அங்கே ஜூஸ் மாஸ்டர்.

மறுநாளே சங்கரன்கோவில் பஜாரில் நன்னாரி சர்பத் வாங்கி வந்து, சபைப் பெண்கள் கூட்டத்துக்கு ஒரு வாளி நிறையக் கலக்கிவிட்டாள். "எம்பேருல எம்புள்ள போட்டது" என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி ஊற்றினாள். இரண்டாவது டம்ளர் கேட்காதவர்கள் இல்லை.

கடைசியாகத் தானும் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல என்னமோ கொறையுதுட்டி" என்றாள். நான் வாளியைக் கழுவப் போய்விட்டேன்.

அப்பா இருந்த காலத்தில் அவர் சட்டையை மோந்து பார்த்தே அன்று என்ன குடித்தார் என்று சொல்லிவிடுவாளே. அவளிடமா மறைக்கப் பார்த்தேன்?

டம்ளர்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏட்டி, ருசி பாக்காம ஒரு கொழம்ப எறக்க முடியுமா?"

முடியாது என்றேன்.

"அப்ப அவனும் ருசி பாத்துத்தான ஊத்துவான்?"

நான் துடைத்த டம்ளர்களை எடுத்து அடுக்கினேன். கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது உன் சட்டைகளை நான் தொட வேண்டாமாம். அவளே துவைத்துக்கொள்வாளாம்.

உன் அக்கா