வடிவு என்று சொன்னேன்

வில்லரேப் பக்கம் ஒரு கடையில் காக்கிப் பழம் வாங்கினேன். பார்வைக்குத் தக்காளி மாதிரி இருக்கும். கனியுமுன் கடித்துவிட்டேன், வாய் முழுக்கத் துவர்த்தது. உடனே உன் குரல்தான் கேட்டது.

2004 குளிர்காலம். நீ ஜப்பானியப் பாத்திரக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் சனிக்கிழமை மொழி வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாய். ஒருநாள் ஆசிரியை, அழகையும் ரசனையையும் சொல்லும் சொற்களைப் பலகையில் எழுதினார். 'ஜோஹின்' என்றால் பண்பான நேர்த்தி. 'ஹதே' என்றால் கண்ணைக் குத்தும் பகட்டு. 'ஷிபுய்' என்பது கனியாத காக்கியின் சுவையாம்; அடங்கி நிற்கும் அழகுக்கும் அதே சொல்தானாம்.

"துவர்ப்படி!" என்று என் தொடையில் தட்டினாய். "எங்களுக்கு வாயில மட்டும் இருக்கிறது அவைக்கு உடுப்பிலயும் இருக்கு, பாத்தியே?"

எப்போதும் எளிமையாக உடுத்துகிறவள் நீ. உன் விருப்பத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்ட சந்தோஷம் உனக்கு.

என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மைக்குக் கரையில்லாத சாம்பல் நிறப் பட்டுச் சேலையில் வந்தாய். கோயில் வாசலிலேயே மறித்தேன்.

"செத்தவீட்டுக்கோ வந்தனீ? சனம் என்ன கதைக்கும்?"

"இதுதான்டி ஷிபுய்."

"உந்த ஜப்பான் கதையை வகுப்போட வை."

சிரிப்பு உன் முகத்திலிருந்து மெல்லப் போனது. கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தாய், விருந்துக்கு வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் பேந்து அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னாய்: "அந்தச் சாம்பல் சீலை அலுமாரியிலதான் கிடக்கு. உனக்குத் தெரியும்தானே."

"விசர்க் கதை கதையாதை" என்று உன் வாயை அடைத்தேன். ஆனால் எதற்காகச் சொல்கிறாய் என்று எனக்கு விளங்கியிருந்தது.

ரொக்ஸ்பரோவிலிருந்து வந்த உன் தங்கை, உனக்குச் சிவப்புக் காஞ்சிபுரச் சேலை உடுத்திப் பெட்டியில் கிடத்தியிருந்தாள். கையை விட அகலமான சரிகைக் கரை, உதட்டில் சாயம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா தனக்கெண்டு ஒண்டும் வாங்கினதில்லை. கடைசியாவது வடிவா அனுப்புவம் எண்டு நானே போய் எடுத்தனான். வடிவா இருக்கிறாதானே?"

பெட்டி மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த அலுமாரி இருக்கிற உன் வீடு பத்து நிமிடக் கார் ஓட்டம்.

"ஓம், நல்ல வடிவு" என்றேன்.

மூன்று நாளாக அழுதுகொண்டிருந்தவள் அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். அந்தப் பிள்ளையை நோகடிக்கக் கூடாதென்றுதான் பேசாமல் இருந்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். மண்டபம் நிறைந்திருந்த சனத்துக்கு அன்றும் பயந்தேனோ என்றும் தோன்றுகிறது. எது உண்மையென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.