ஊசி பட்ட துளை

பெல்ப்பர், டெர்பிஷர்
14 அக்டோபர் 1996

அன்புள்ள நார்மனுக்கு,

இங்கே கணவன் மனைவி இருவரும் நலம். நியூசிலாந்தில் நீயும் மகள் வீட்டாரும் சௌக்கியம்தானே? டோரீனுக்கு மூட்டுவலி; வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

உன் பார்சல் போன செவ்வாய் வந்தது. என் குட்டி நீராவி எஞ்சினுக்குப் புதிதாக கேஸ் பர்னர் செய்து அனுப்பியிருக்கிறாய். சுண்டுவிரல் தடிமன் பித்தளைக் குழாயில் எப்படியப்பா இத்தனை நேராக வெட்டுப் போட்டாய்? பற்றவைத்தேன். ஊளைச் சத்தமே இல்லை. நீல நெருப்பு பூனை மாதிரி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. ஆறு நிமிடத்தில் நீராவி வந்து, தோட்டத்துத் தண்டவாளத்தில் பன்னிரண்டு சுற்று ஓடியது. "இந்த மூஞ்சில சிரிப்பப் பாத்து ரெண்டு வருஷமாச்சு" என்றாள் டோரீன்.

அப்புறம்தான் பார்சலின் அடியில் கிடந்த தீப்பெட்டியைத் திறந்தேன். பழைய பர்னரின் ஜெட், அந்தக் கேஸ் பீச்சும் குட்டித் திருகு. கூட ஒரு வரி எழுத்துக்கூட இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மயிரிழைத் துளை ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது.

நார்மன், அதைச் செய்தது நான்தான். இரண்டு வருடம் முன்பு, தேவாலயத் திருவிழாவுக்கு முந்தின நாள் ஜெட் அடைத்துக்கொண்டது. ஊசி கூடாது, ஊதித்தான் எடுக்கணும் என்று நீ தலைப்பாடாக அடித்துக்கொள்வாய். எனக்கோ மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் குத்திப் பழகிய கை. டோரீனின் தையல் ஊசியை எடுத்துக் குத்திவிட்டேன். மறுநாள் அத்தனை பேர் நடுவே எஞ்சின் ஊளையிட்டு, புகைபோக்கி வழியாக நெருப்பைக் கக்கி, பெயின்ட் பொசுங்கியது. நான் வாய் கூசாமல் "நார்மன் டிசைன்ல கோளாறு" என்றேன். நம் மாடல் எஞ்சின் கிளப் கிளிஃபர்ட் விடுவானா? "நார்மன் அடுப்புல டீத்தண்ணி வச்சிராதீங்கப்பா, வீடு போயிரும்!" என்றான். பதினோரு குழாயை வெட்டி வீணாக்கி, ஒரு குளிர்காலம் முழுக்க நீ பாடுபட்ட வேலை அது.

நீ அந்த ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இருக்கும்பா, வெட்டு கொஞ்சம் அகலமாயிருச்சு போல" என்றாய். அதோடு கிளப் பக்கமே வரவில்லை. சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறிவிட்டாய்.

அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. என் மானத்தை உன் பைக்குள் போட்டு மூடிக்கொண்டாய். இதற்கு நான் எந்த வாயால் நன்றி சொல்வேன்?

நேற்று கிளப் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜெட்டும் லென்ஸும் கைக்குக் கை போயின. கிளிஃபர்ட் கடைசியாகப் பார்த்தான். பிறகு உன் பர்னரின் வரைபடம் கிடைக்குமா என்று கேட்டான். கூட வந்திருந்த டோரீன்தான், "ஊசியக் காணோம்னு வீடெல்லாம் தேடுனேனே, எஞ்சினுக்கா சட்டை தைச்சீங்க?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது எனக்கு வேண்டியதுதான்.

உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது நார்மன். புது ஜெட்டும் ஒருநாள் அடைக்கத்தான் போகிறது. சத்தியமாக நான் அதைத் தொடமாட்டேன். நீ வந்து ஊதி எடுக்கும்வரை எஞ்சின் அப்படியே நிற்கட்டும்.

மன்னிப்பை எதிர்பார்க்கும்,
வில்ஃப்