வெள்ளைக்களி ஆலைக்குள் தண்ணி

ஹேர்னிங்
17.08.2025

அன்பின் றொபேட் அண்ணைக்கு,

செலின் எழுதுறன். ஆறு வருசத்துக்குப் பிறகு என்ர கையெழுத்தைக் கண்டு ஆரோ செத்துப்போட்டினம் எண்டு பயப்பிடாதேங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் சுகம். மகள் ஜெனுஷா கலியாணம் முடிச்சு விபோர்க்கில இருக்கிறாள். உங்கட விலாசத்தைப் பாலேந்திராவிட்டை வாங்கினன். தொலைபேசி நம்பரும் தந்தவர். எடுக்கத் துணிவு வரேல்லை.

இவர் திரும்பவும் மேசையில ஓடுற சின்ன றெயில் கட்டத் தொடங்கியிட்டார். அதே வெள்ளைக்களிமண் ஆலைதான், நீங்கள் ரெண்டு பேரும் எங்கட வீட்டுக்குக் கீழ, கெல்லருக்குள்ள, ஒன்பது வருசமாய்க் கட்டினது. பழைய படங்களை நிலத்தில பரப்பி வைச்சுக்கொண்டு, களி காயவைக்கிற நீளக் கட்டடம், புகைபோக்கி, கழிவு மண் கொட்டின வெள்ளை மலை எல்லாம் முதலில இருந்து செய்யிறார். களி கரைஞ்ச குளத்தின்ர நிறம்தான் சரிவரேல்லை. பாலுக்குள்ள பச்சை விட்டமாதிரி ஒரு நிறம் நீங்கள் கொண்டுவந்தனீங்கள். இவர் நாலு தரம் பூசிச் சுரண்டிப்போட்டார். போன ஞாயிறு சாப்பிடேக்க, "றொபேட்டுக்குத்தான் அது தெரியும்" எண்டார். பாதிச் சாப்பாட்டில எழும்பிக் கீழ போட்டார்.

நவம்பரில பிரெடெரிசியாவில சின்ன றெயில் கண்காட்சி. வருவியளோ? இவருக்குத் தெரியாமத்தான் எழுதுறன்.

அன்போட
செலின்


றொன்னே, போர்ண்ஹோல்ம்
29.08.2025

அன்புள்ள தங்கச்சி செலின்,

கடிதம் கிடைச்சது. ஜெனுஷாவின்ர கலியாணப் படம் பாலேந்திரா அனுப்பினவர். சிரிப்பு அப்பிடியே தகப்பன் யேசுதான்.

நான் வரேல்லை. யேசுவில கோபம் எண்டு நினையாதேங்கோ. அண்டைக்குக் கெல்லரில தண்ணிப் பைப்பைப் பூட்டாமல் போனது நான். கண்காட்சிக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க ஒன்பது வருச வேலையைக் கரைச்சவன் நான். அவன் என்னட்டை இருந்து வீட்டுக் கதவுத் திறப்பை வாங்கினதில ஒரு பிழையும் இல்லை.

ஒருத்தருக்கும் சொல்லாத ஒண்டு சொல்லுறன். அண்டைக்குப் பைப்பைப் பூட்டினது எனக்கு நல்ல ஞாபகம். றப்பர் குழாயின்ர கடைசித் துளி வாளிக்குள்ள விழுந்ததும் ஞாபகம். அப்பிடி ஞாபகம் இருக்கிறவன் பூட்டாமல் போயிருந்தால், அவன்ர தலையை என்னெண்டு நம்புறது? அப்ப நான் முதியோர் இல்லத்தில மருந்து குடுக்கிறவன். அடுத்த மாதமே பொறுப்பாளரிட்டைப் போய், என்னை மருந்தில இருந்து எடுங்கோ எண்டு கேட்டன். டொக்டர் ரெண்டு தரம் ஞாபகச் சோதனை செய்து, ஒண்டும் இல்லை எண்டார். நான் நம்பேல்லை. கார் ஓடுறதையும் விட்டிட்டன். இங்க வந்து ஒரு இல்லத்தின்ர குசினியில கோப்பை கழுவுறன். வீட்டைவிட்டு வெளிக்கிட முதல் எல்லாப் பைப்பையும் மூண்டு தரம் பாக்கிறது.

குளத்துக்கு வெள்ளைப் பெயின்ற். அதுக்குள்ள நீலம் ஒரு துளி, மஞ்சள் அரைத்துளி. மேல வாணிஷ் மூண்டு தரம், ஒவ்வொண்டும் ஒரு நாள் காயவேணும். நான் சொன்னது எண்டு சொல்லவேண்டாம்.

அன்புடன்
றொபேட்


ஹேர்னிங்
03.09.2025

றொபேட் அண்ணை,

உங்கட கடிதத்தைக் குளியலறைக் கதவைப் பூட்டிப்போட்டு வாசிச்சன். இதை முதல் கடிதத்திலயே எழுத இருந்தனான். பயத்தில கண்காட்சியைப் பற்றி எழுதினன்.

நீங்கள் பைப்பைப் பூட்டித்தான் போனீங்கள். திறந்தது நான்.

அந்தக் கிழமை வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில எனக்குச் சோதனை மறுமொழி சொல்ல இருந்தவை. மார்பில ஒரு கட்டி. இவரைக் கூட வரச் சொன்னன். "பசை காயுது, நீ ஜெனுஷாவைக் கூட்டிக்கொண்டு போ" எண்டார். பயப்பிட ஒண்டும் இல்லை எண்டு சொல்லிச்சினம். அதைச் சொல்லத்தான் ஓடிக் கீழ வந்தன். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு றெயில் வண்டிக்கு வெள்ளைத் தூள் தூவிக்கொண்டு நிண்டனீங்கள். இவர் திரும்பிப் பாக்காமல் "நல்லது" எண்டார்.

சனிக்கிழமை நீங்கள் போன பிறகு இவரும் கடைக்குப் போட்டார். நிலம் துடைக்கிற வாளிக்குத் தண்ணி எடுக்கப் பைப்பைத் திறந்தன். நீங்கள் பிளாஸ்டர் கழுவக் கொழுவின றப்பர் குழாய் அதிலயே இருந்தது. அதின்ர மற்ற நுனி மேசைக்கு மேல, மலைக்குப் பின்னால கிடந்தது. தண்ணி அங்க போச்சுது. அதுவரைக்கும் தெரியாமல் நடந்தது. பிறகு நடந்தது தெரிஞ்சு நடந்தது. மலை கரையிறதைப் பாத்துக்கொண்டு நிண்டன். கையை நீட்டினால் பூட்டலாம். நான் மேல வந்து, கதவைச் சாத்திப்போட்டு, வெங்காயம் வெட்டினன். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகுதான் இவர் வந்தவர்.

அந்த வண்டியளுக்கு, பழைய சேட்டு ஒண்டை வெட்டி மேல மூடுற படங்கு தைச்சுத் தந்ததும் நான்தான், அண்ணை.

இவர் எல்லாருக்கும் முன்னால உங்களை ஏசேக்க நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். வாய் திறக்கேல்லை. ரெண்டு நாளில கோபம் போயிடும் எண்டு நினைச்சன். பிறகு ஒரு மாதம் போச்சுது. பிறகு நீங்கள் போர்ண்ஹோல்ம் தீவுக்குப் போட்டீங்கள். நீங்கள் மருந்து வேலையை விட்டது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பன் எண்டு எழுத வருது. அதுவும் உண்மையோ தெரியாது.

உங்கட தலையில ஒரு பிழையும் இல்லை.

செலின்


றொன்னே
15.09.2025

செலின்,

யேசுவுக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன். சொல்லிப்போட்டு எழுதுங்கோ, அதுக்கு முதல் எழுதவேண்டாம்.

அண்டைக்கு அவன் "நல்லது" எண்டு சொன்னது எனக்கும் கேட்டது. நீங்கள் அழுத குரலில வந்ததும் தெரியும். நானும் திரும்பிப் பாக்கேல்லை. அதுக்கு மன்னியுங்கோ.

றொபேட்


ஹேர்னிங்
12.10.2025

றொபேட் அண்ணை,

நேற்றுத்தான் சொன்னன். நாலு கிழமை எடுத்தது.

இவர் குளத்துக்கு வாணிஷ் பூசிக்கொண்டு இருந்தார். நீங்கள் எழுதினபடி கலக்க நிறம் சரிவந்திட்டுது. எங்க படிச்சனீ எண்டு கேட்டதுக்கு முந்தி இணையத்தில எண்டு சொல்லியிருந்தன். முதல் அந்தப் பொய்யைச் சொன்னன். பிறகு மற்றது.

தூரிகையை வைச்சிட்டு, "அந்தக் கட்டி எப்ப வந்தது?" எண்டு கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன நாளே அவருக்கு ஞாபகம் இல்லை. அதையும் சொன்னன். பிறகு, "நான் அவன்ர முகத்தைப் பாத்து ஏசினனான்" எண்டார். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். என்னை ஏசேல்லை. ஏசியிருக்கலாம்.

இண்டைக்குக் காலமை பூசைக்குத் தனியப் போனார். வந்து, அடுத்த மாதம் போர்ண்ஹோல்முக்குக் கப்பல் ரிக்கற் எடுத்தார், தனக்கு மட்டும். கண்காட்சிக்குப் போகேல்லையாம். நானும் வாறன் எண்டன். "அது றொபேட் சொல்லவேணும்" எண்டார்.

வரலாமோ அண்ணை? உங்கட முன்னால நிண்டு ஒருக்கால் மன்னிப்புக் கேக்கவேணும்.

செலின்


றொன்னே
20.10.2025

அன்புள்ள செலின்,

யேசுவை வரச் சொல்லுங்கோ. துறைமுகத்தில நிப்பன். இங்கயும் முந்தி வெள்ளைக்களி தோண்டின குழி ஒண்டு இருக்கு. இவ்வளவு காலமும் நான் அந்தப் பக்கம் போகேல்லை. அவனோட போய்ப் பாப்பம்.

பொறுப்பாளரிட்டை மருந்து வேலை கேட்டிருக்கிறன். எனக்கு அறுபத்திமூண்டு, தருவினமோ தெரியாது. கேக்க வாய் வந்ததே பெரிய காரியம்.

நீங்கள் இந்தமுறை வரவேண்டாம். கோபத்தில எழுதேல்லை. உங்களைக் கண்டால், "பரவாயில்லை தங்கச்சி" எண்டு என்ர வாயில தானாய் வந்திடும். என்னைத் தெரியும்தானே. எனக்கு மனதில அது இன்னும் பரவாயில்லை எண்டு வரேல்லை. அப்பிடி வந்தால் நானே எழுதுவன்.

றொபேட்